காய் விழும் எல்லை

அய்யா இறந்தபோது தங்கச்சிமடத்துத் தோட்டத்தில் அறுபத்து நாலு தென்னைகள் இருந்தன. அறுபத்தாறு என்று என் அண்ணன் சொல்வார். பட்டுப்போய் மொட்டையாக நின்ற இரண்டையும் அவர் சேர்த்துக்கொள்வார், நான் சேர்ப்பதில்லை. எண்ண வேண்டியதை எண்ணாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. இந்த வயதிலும் மாத்திரைகளை இரண்டு தடவை எண்ணிவிட்டுத்தான் டப்பாவை மூடுகிறேன். ஆகவே இங்கே நான் தரும் கணக்குகளை யாரும் சந்தேகிக்க வேண்டாம். ஒரே ஒரு கணக்கில்தான் தவறினேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சுதந்திரம் வந்து பதினோராவது வருடம். நான் பரமக்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்தேன். அண்ணன் ஊரிலேயே இருந்து கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார். அம்மா அய்யாவுக்கு முன்பே போய்விட்டார். எங்கள் இருவருக்கும் இளையவள் தங்கை. அவள் கணவர் பிழைப்புத் தேடி மன்னாருக்குப் போனவர், முதல் வருடம் ஒன்பது கடிதம் போட்டார், மறு வருடம் இரண்டு. பிறகு ஒன்றும் இல்லை. இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு அவள், வள்ளங்கள் கொண்டுவரும் காரலையும் நெத்திலியையும் கரையிலேயே வாங்கி, உப்பிட்டுக் காயவைத்து, கருவாடாகப் பாம்பனுக்குச் சுமந்துபோய் விற்றுவந்தாள்.

அவள் கருவாடு காயப்போட்டது எங்கள் தோட்டத்தின் வடக்கு ஓரத்தில், கடலைப் பார்த்து நிற்கும் மூன்று தென்னைகளுக்குப் பின்னால் இருந்த மணலில். அந்த மூன்று மரங்களும் அவளுடையவை. எங்கள் குடும்பங்களில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. மகளுக்கு நிலம் கொடுப்பதில்லை, மரம் கொடுப்பார்கள். மண் ஆண்பிள்ளைகளுக்கு, காயும் ஓலையும் பெண்ணுக்கு. அவள் கல்யாணத்தன்று அய்யாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, சாப்பாட்டுப் பந்தலில் எழுந்து நின்று, "கடக்கரை மரம் மூணும் பிள்ளைக்கு" என்று அறிவித்தார். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கேட்டார்கள். நான் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன், அதனால் தெரியும்.

அந்தச் சித்தப்பாதான் தோட்டத்தை வாங்க வந்தார். அவர் தோப்பு எங்கள் தோட்டத்தை ஒட்டி மேற்கே இருந்தது. நிலத்தை விற்பதானால் பங்காளியைக் கேட்டுவிட்டுத்தான் வெளியாளிடம் போக வேண்டும் என்பது ஊர் நியாயம். அண்ணனுக்கு மிஷின் படகில் ஒரு பங்கு வாங்க ஆசை. பாய்மரத்தில் ஓடிக் களைத்துவிட்டது என்று எனக்கு எழுதியிருந்தார். நான் ஒரே வார்த்தையில் பதில் போட்டேன்: சம்மதம். கார்டில் மீதி இடம் எல்லாம் காலியாக இருந்தது. ஏதாவது கேட்டிருக்கலாம்.

கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது சித்தப்பா பத்திரத்துக்குக் காத்திராமல் வேலிக்குக் குழி தோண்ட ஆரம்பித்திருந்தார். முப்பத்து மூன்று குழிகள். அந்த வரிசை தங்கையின் மரங்களுக்குப் பின்னால் மூன்றடி தள்ளிப் போனது. அந்த வேலி நின்றால் மரங்கள் வெளியே, கருவாட்டு மணல் உள்ளே.

தங்கை மீனைப் புரட்டிப்போட்டபடி என்னைக் கேட்டாள்.

"சின்னண்ணே, மரம் என்னுது. நான் நிக்கிற மண்ணு யாருது?"

முன்பக்கம் அலை, பின்பக்கம் வேலி. நடுவில் கிடைக்கும் மூன்றடியில் ஒரு பாயைக்கூட முழுதாக விரிக்க முடியாது. வேறு இடம் என்றால் யாராவது வாடகை கேட்பார்கள், அல்லது நாயும் பன்றியும் திரியும் பொதுக்கரை. அந்த மணல் போனால் அவள் பிழைப்புப் போகும். இது கணக்குத் தெரியாதவனுக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் அந்த மரங்களின் அடியிலேயே பேச்சு நடந்தது. சித்தப்பா, அண்ணன், நான், சொந்தத்தில் நாலைந்து பேர், எங்கள் மரங்களில் ஏறும் பெரியவர். மரம் பிள்ளைக்கு, மண் வாங்குகிறவருக்கு, இதில் என்ன வழக்கு என்று சித்தப்பா கேட்டார். அப்போது மரம் ஏறும் பெரியவர், தன்னை யாரும் கேட்காமலே, வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: கொடுத்த மரத்துக்கு, காய் விழும் இடம் வரைக்கும் மண் உண்டு. இல்லாவிட்டால் விழுந்த காயைப் பொறுக்க அடுத்தவன் நிலத்தில் கால் வைக்க வேண்டுமே. அவருடைய தகப்பன் காலத்தில் இரண்டு தகராறுகள் இப்படித்தான் தீர்ந்தன.

சித்தப்பா சிரித்தார். "சரி, குடுத்தேன். தேங்கா என்ன தெக்குப் பக்கமா ஓடியா போயிரும்? தொப்புன்னு அடியில விழும். அண்டா வைக்கிற எடம். எடுத்துக்க தாயி."

"எல்லாரும் கேட்டுக்கங்க" என்றேன் நான். என் வாழ்க்கையில் நான் சமயத்தில் சொன்ன சில சொற்களில் அது ஒன்று.

மறுநாளே வேலையைத் தொடங்கினேன். வெட்டாத காய்தான் தானாக விழும். அதனால் அந்த மூன்று மரங்களிலும் யாரும் ஏறக் கூடாது என்று தங்கை நிறுத்திவைத்தாள். நான் தினமும் சாயங்காலம் மரங்களைச் சுற்றி மணலை ஓலையால் கூட்டிச் சமப்படுத்தினேன். காலையில் வந்து பார்த்தால் காய் எங்கே விழுந்தது என்பதற்குக் குழி சாட்சி. குழியில் ஒரு முளை அடித்து, மரத்திலிருந்து கயிறு பிடித்து அளந்து, கட்டம் போட்ட நோட்டில் குறித்தேன். உருண்ட தூரத்தைச் சேர்க்கவில்லை. அதைச் சேர்க்கச் சொல்லி அண்ணன் மனைவி கேலி செய்தார். கேலியானாலும் அதை ஒரு நாள் முழுவதும் யோசித்தேன். இரவில் காய் விழும் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். ஊரில் எனக்குத் தேங்காய் வாத்தியார் என்று பேர் வைத்தார்கள். இரண்டு பேர் என் முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள்.

நாற்பத்தொரு நாளில் இருபத்தேழு காய் விழுந்தது. எல்லாரையும் மறுபடி கூப்பிட்டு, நோட்டை விரித்துக் காட்டினேன். அதிக தூரம் பத்தொன்பது அடி. சித்தப்பாவின் முகம் சுருங்கியது. எனக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை.

தங்கைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் நோட்டைப் பார்க்கவில்லை, முளைகளைப் பார்த்தாள்.

"சின்னண்ணே, இதுல பௌர்ணமிக்குத் தண்ணி ஏறாத முளை எத்தன?"

நான் அதை எண்ணவில்லை. திரும்பிப் பார்த்தேன். இருபத்தேழில் இருபத்தொரு முளை கடல் பக்கம் நின்றது. வெளி முளைகள் சில, முந்தின வாரத்து அலையில் சாய்ந்து கிடந்தன. மணல் பக்கம் ஆறே ஆறு, அதுவும் எட்டடிக்குள்.

சித்தப்பா தொடையைத் தட்டினார். "ஏலே வாத்தியாரே, கடலுக்குள்ள பட்டா வாங்கிக் குடுத்திருக்க உன் தங்கச்சிக்கு. மீனப் பிடிக்கவே வேணாம், அங்கனயே காயப்போட்டுக்கிரலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். தங்கை சிரிக்கவில்லை.

"இது கச்சான் காத்து" என்றாள். "தெக்கயும் மேக்கயும் இருந்து அடிக்குது. காயைக் கடலுக்குத்தான் தள்ளும். வாடை வரட்டும். வாடையில எண்ணு."

கடற்கரையில் பிறந்து, அப்பன் தாத்தன் எல்லாம் காற்றைப் பார்த்தே பிழைத்த குடும்பத்தில் வந்தவன் நான். ஒரு காற்றில் எண்ணிவிட்டு வருடம் முழுவதற்கும் தீர்ப்புச் சொல்லப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கச் சுவருக்குள் இருந்தால் அப்படித்தான் ஆகும். வாடை, வடகிழக்கு மழையோடு, ஐப்பசியில்தான் வரும். இன்னும் நாலு மாதத்துக்கு மேல் இருந்தது.

காத்திருப்போம், அதுவரை கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அண்ணனுக்குக் கோபம் வந்து நான் முதல்முதலாகப் பார்த்தது அன்றுதான். படகுக்காரனிடம் அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

"மூணு மரத்துக்காக மிச்ச மரம் அம்புட்டையும் நிப்பாட்டுறியே" என்றார்.

"எண்ணி முடிக்காம எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேண்ணே."

"நீ எண்ணி முடிக்கிறதுக்குள்ள நான் கெழவனாயிருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு அந்த விடுமுறையில் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. பதினோரு வேளை தனியாகச் சாப்பிட்டேன்.

நான் பரமக்குடி திரும்பியதும் எண்ணும் பொறுப்புத் தங்கையின் கைக்கு வந்தது. புரட்டாசிக் கடைசியில் சித்தப்பா ஒரு காரியம் செய்தார். மரங்களைச் சுத்தம் செய்வதாகச் சொல்லி, வெளியூரிலிருந்து ஒரு மரமேறியைக் கூட்டிவந்து, காய்களை எல்லாம் வெட்டித் தள்ளப் பார்த்தார். காய் இல்லாத மரத்திலிருந்து எது விழும்? தங்கை விஷயம் கேள்விப்பட்டு, முந்தின நாளே உடைமரத்து முள்ளை மூன்று மரத்துக்கும் ஆள் உயரத்தில் கட்டியிருந்தாள். வந்தவன் முள்ளை அவிழ்க்கப் போனபோது, மீன் கீறும் கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னாளாம்: "ஏறுங்கண்ணே. தாராளமா ஏறுங்க. எறங்குறதப் பத்தி அப்புறம் பேசுவோம்." அவன் கூலி வேண்டாம் என்று ரயிலேறிவிட்டான். நான் அங்கே இல்லை. மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள், கத்தி மட்டும் மூன்றிலும் இருந்தது.

வாடை வந்தது. நான் சனிக்கிழமை தோறும் ரயிலில் வந்தேன். பாம்பன் பாலத்தில் ஒவ்வொரு தடவையும் தூண்களை எண்ணுவேன். ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு குறையும் கூடும். மழையில் என் முளைகள் நிற்கவில்லை என்பதால் தங்கை, காய் விழுந்த குழி ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய சிப்பியைக் கவிழ்த்துப் புதைத்திருந்தாள். நடு மரம் தோட்டத்துப் பக்கம் சாய்ந்தது. கோடையில் அது சும்மா இருந்தது. வாடையில் பிசாசு பிடித்ததுபோல ஆடி எறிந்தது. அரையாண்டு விடுமுறை முடிவதற்குள் முப்பத்தொரு சிப்பிகள். அவற்றில் இருபத்து நாலு மணல் பக்கம். கடைசிச் சிப்பி பதினேழு அடியில் இருந்தது. அந்தக் காய் விழுந்தபோது சித்தப்பாவே அங்கே நின்றார். எங்கள் கணக்கு பொய் என்று காட்டுவதற்காக வந்தவர்.

அவர் அந்தக் காயைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து, தானே சிப்பியை வைத்தார். சொன்ன சொல்லை மறுக்கிற ஆள் இல்லை அவர். வளைத்துப் பார்க்கிற ஆள்தான்.

"பதினேழு அடி. எழுதிக்க. இனிமே ஒரு அடி கூடுனாலும் மரத்த வெட்டிப்புடுவேன்."

அகலம் ஐம்பத்திரண்டு அடி, உள்ளே பதினேழு அடி. பன்னிரண்டு பாய் விரிக்கலாம். அண்ணன்கூட அன்று என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

தை மாதம் சித்தப்பா, அண்ணன், நான் மூவரும் ராமநாதபுரத்துக்குப் பத்திரம் எழுதப் போனோம். தங்கை வரவில்லை. பொம்பளைக்கு அங்கன என்ன வேலை என்று சித்தப்பா சொன்னார். நானும் அதைத்தான் நினைத்தேன். பத்திர எழுத்தர் மெலிந்த மனிதர், பேனாவைக் காதில் செருகியிருந்தார். அய்யாவின் பெயர், இறந்த வருடம், நாலு எல்லைகள் எல்லாம் கேட்டார். காய் விழும் எல்லை என்று நான் சொன்னபோது தலை நிமிர்ந்து பார்த்தார், எழுதிக்கொண்டார். கடைசியாக, வாரிசு எத்தனை பேர் என்று கேட்டார்.

"ரெண்டு" என்றேன்.

"பொம்பளப்பிள்ள கெடையாதா?"

"தங்கச்சி ஒன்னு இருக்கு. அதுக்குத்தான் மூணு மரமும் அந்த எடமும் குடுக்குறோம்."

அவர் பேனாவை மூடிவிட்டார்.

"நீங்க வேதக்காரங்க, கிறிஸ்தவங்கதானே? உங்களுக்குள்ள சட்டம் வேற. உயில் இல்லாமச் செத்துப்போனா மகனுக்கு எவ்வளவோ அவ்வளவு மகளுக்கும் உண்டு. மரம் குடுத்தேன், நகை போட்டேன்னு அவுகளக் கழிக்க ஏலாது. அந்தம்மாவும் கையெழுத்துப் போடணும். அவுக இல்லாம நான் எழுத மாட்டேன். எழுதுனா பின்னால வாங்குறவருக்குத்தான் வம்பு."

சித்தப்பா மெதுவாகச் சொன்னார்: அதற்கென்ன, பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம் ஒன்று எழுதுங்கள், ஊரில் போய்க் கைநாட்டு வாங்கிவருகிறோம். பிள்ளை, அந்தப் பதினேழு அடி கிடைத்ததே போதும் என்று இருக்கிறது. அண்ணன் தரையைப் பார்த்துத் தலையாட்டினார். எழுத்தர் எழுதிக் கொடுத்தார்.

திரும்பும்போது பாலத்தில் நான் தூண்களை எண்ணவில்லை. அறுபத்து நாலு மரம், முப்பத்து மூன்று குழி, ஐம்பத்தெட்டு காய், நாற்பத்தொரு நாள், பன்னிரண்டு பாய். இவ்வளவையும் எண்ணியவன் அய்யாவின் பிள்ளைகளை எண்ணும்போது இரண்டு என்று சொல்லியிருக்கிறேன். யோசித்துக்கூடச் சொல்லவில்லை, உடனே சொன்னேன். அவளுக்காகத்தான் எட்டு மாதம் போராடினேன் என்று நினைத்திருந்தேன். அவளுக்கு உரியதை விட்டுவிட்டு, மரத்துக்கு உரியதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஸ்டேஷனில் இறங்கியதும், மற்ற இருவருக்கும் முன்னால் வேகமாக நடந்து கரைக்குப் போய்விட்டேன். அவள் நெத்திலியைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள். எழுத்தர் சொன்னதை அப்படியே சொன்னேன். நான் சொன்ன 'ரெண்டு' என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவள் அள்ளுவதை நிறுத்தவில்லை. கூடை நிறைந்த பிறகுதான் பேசினாள்.

"மூணுல ஒன்னுன்னா எத்தன மரம்?"

"இருபத்தொன்னு. ஒரு மரம் மிச்சம் வரும்."

"நீயும் பெரியண்ணனும் அத எண்ணாம, இத்தன நாளும் தேங்காயவா எண்ணிக்கிட்டுக் கெடந்தீக?"

நான் குனிந்து கூடைக்கு ஒரு கை கொடுத்தேன்.

சித்தப்பா வந்து சேர்ந்தார். பத்திரத்தையும் மைப்பெட்டியையும் நீட்டி, தலையைத் தடவுகிற குரலில், ஒரு ரேகை வை தாயி, எல்லாம் பேசினபடிதான் என்றார். அவள் கையை முந்தானையில் துடைத்தாள். வைக்கப்போகிறாள் என்றே நினைத்தேன்.

"சித்தப்பா, தேங்கா விழுற எடத்துக்கே எட்டு மாசம் எண்ண வச்சீக. நான் பொறந்த எடத்துக்கு நிக்கிற நெலையில ரேகை கேக்குறீக. போயிட்டு வாங்க."

அன்று தொடங்கியது ஐந்து மாதம் நீடித்தது. சித்தப்பா ஏழு தடவை வந்தார். சொந்தத்தில் நடந்த இரண்டு கல்யாணத்துக்கு அவளைக் கூப்பிடவில்லை. அண்ணன் மனைவி அவளுக்குத் தண்ணீர்க் குடம் தூக்கிவிடுவதை நிறுத்தினார். பெண் பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும் என்று கோயிலில் வைத்து ஒரு கிழவர் எனக்குப் புத்தி சொன்னார். மூன்று கையெழுத்து இல்லாத பத்திரத்தில் என் கையெழுத்து இருக்காது என்று நான் அண்ணனுக்கு எழுதினேன். நாலு கடிதத்திலும் அதே வரி. அவர் ஒன்றுக்குத்தான் பதில் போட்டார்: பாதி வாங்க வேண்டியவன் மூன்றில் ஒன்றுக்கு இறங்குகிறாய், வாத்தியாருக்குக் கணக்குத் தெரியாது என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

அவர் சொன்னது சரி. எனக்கும் பெண் குழந்தைகள் இருந்தார்கள், ஓட்டு வீடு ஒழுகியது, அந்தப் பங்கில் குறைந்தது எனக்கும் வலித்தது. ஆனால் ஒருமுறை சரியாக எண்ணிவிட்டால் பிறகு வேறு எண்ணைச் சொல்ல எனக்கு வராது. அண்ணனுக்கு அது பிடிவாதம். இருக்கட்டும்.

முடிவில் சித்தப்பாதான் இறங்கிவந்தார். அவருக்கு நிலம் வேண்டியிருந்தது, வம்பு வேண்டாம். ஆனி மாதம் நாங்கள் நாலு பேர் ராமநாதபுரம் ரயிலில் ஏறினோம். தங்கை ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அண்ணன் எங்களுக்கு முதுகு காட்டி நின்றபடியே வந்தார்.

முதலில் பாகப்பிரிவினை. பிறகு எங்கள் இரண்டு பங்கையும் சித்தப்பாவுக்குக் கிரயம். கரையோரப் பங்கை அவள் எடுத்துக்கொண்டாள். மிச்சம் வந்த ஒற்றை மரத்தைச் சித்தப்பாவுக்கே கொடுத்துவிடச் சொன்னாள். "அம்புட்டுத் தடவ நடந்தீகளே சித்தப்பா, கால் வலிக்கு வச்சுக்கங்க" என்றாள். அவர் உண்மையாகவே சிரித்துவிட்டார்.

அதே எழுத்தர். பேனா காதில். முன்பு கேட்டதை மறுபடி முதலிலிருந்து கேட்டார். நாலு எல்லைகளை நான் சொன்னேன். காய் விழும் எல்லைக்கு இப்போது வேலை இல்லை. பழைய காகிதத்தில் அந்த வரியை அவர் அடித்தார்.

"வாரிசு எத்தன பேரு?"

எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தங்கையைப் பார்த்தேன். அண்ணனும் திரும்பிப் பார்த்தார்.

"மூணு" என்றாள். மேசைமேல் இருந்த மைப்பெட்டியைப் பார்த்துக்கொண்டு, இன்னொரு தடவை சொன்னாள். "மூணு பேருய்யா."

அண்ணன் நாலு வருடம் ஏழு மாதம் என்னோடு பேசவில்லை.